உங்களுக்குத் தெரியுமா? டவர் எடுக்குமா, சார்ஜ் நிக்குமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வழியில், கோமுகி அணைக்குப் பக்கத்தில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையோடு இருக்கிறது கச்சிராயபாளையம். மேலே வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மக்கள் பஸ்ஸுக்கும் கடைக்கும் போன் ரிப்பேருக்கும் இறங்கி வருகிற ஊர்களில் இதுவும் ஒன்று. புது போன் எடுக்க வருகிறவர்கள் இங்கே முதலில் கேட்பது இரண்டே கேள்விதான்: "மேல போனா டவர் எடுக்குமா? சார்ஜ் நிக்குமா?" மெகாபிக்சல் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

செல்போன் நம் நாட்டுக்கு வந்து 30 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தக் காலத்தில் வந்த புதுமைகளில் சிலதை மக்கள் கொண்டாடினார்கள், சிலதை வேண்டாம் என்று தள்ளினார்கள், சிலதைக் கம்பெனி நினைத்தே பார்க்காத விதத்தில் பயன்படுத்தினார்கள். அவர்கள் காட்டிய விருப்பு வெறுப்பால் போன்களும் மாறின, சட்டதிட்டங்களும் மாறின. அந்தக் கதைகளில் சில இங்கே.

வந்த அழைப்புக்கும் காசு

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்த நாளில் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல்கூட ஆகும். நாம் கூப்பிட்டால் மட்டுமல்ல, வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. இன்கமிங் இலவசம் என்பது நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 2003 மே 1-ல். போன் பணக்காரர் பொருளாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஒரு ரிங், ரெண்டு ரிங்

காசே இல்லாமல் சேதி சொல்ல நம் மக்கள் கண்டுபிடித்த வழி மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறியாச்சு, ரெண்டு ரிங் விட்டால் வந்து சேர்ந்தாச்சு, விடாமல் அடித்தால் அவசரம், எடுக்கணும். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. எந்தக் கம்பெனியும் இதைச் சொல்லித்தரவில்லை. இதற்குக் கட்டணம் வசூலிக்கவும் எந்தக் கம்பெனிக்கும் வழி இல்லை.

பிறகு தொழில் உலகம் இந்தப் பழக்கத்தின் பின்னால் வந்தது. மிஸ்டு கால் கொடுத்தால் கிரிக்கெட் ஸ்கோரும் விளம்பரத் தகவலும் அனுப்பும் வேலையைத் தொழிலாகச் செய்த பெங்களூரு நிறுவனம் ஜிப்டயல். அதை 2015 ஜனவரியில் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. வங்கிகள் இன்றைக்கும் பேலன்ஸ் சொல்ல மிஸ்டு கால் எண் வைத்திருக்கின்றன. வெட்டி அனுப்பிய கரும்புக்கு ஆலைப் பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க விவசாயி பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கட்டணத்துக்குப் பயந்து பிறந்த ஒரு பழக்கம் வங்கிச் சேவையாக வளர்ந்தது, என் கண்ணில், இந்திய வாடிக்கையாளரின் பெரிய சாதனைகளில் ஒன்று.

மோட்டார் கொட்டகைக்கு ஒரு வெளிச்சம்

2003-ல் வந்த நோக்கியா 1100-ல் கேமரா இல்லை, கலர் திரை இல்லை. தூசி புகாத பட்டன்களும், வியர்வைக் கையில் வழுக்காத உடம்பும், தலையில் ஒரு சின்ன டார்ச்சும் இருந்தன. இந்தியா போன்ற நாடுகளை மனதில் வைத்துச் செய்த போன் அது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்று, வரலாற்றிலேயே அதிகம் விற்ற போன்களின் வரிசையில் முன்னால் நிற்கிறது. ராத்திரி மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடக்கிறவருக்கு அந்த டார்ச்சின் அருமை தெரியும். காலடியில் பாம்பு கிடந்தால் காட்டிக்கொடுத்தது அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர்

நோக்கியாவின் தமிழ்நாட்டு ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. வட மாவட்டங்களிலிருந்தும் எத்தனையோ இளம்பெண்களுக்கு அதுவே முதல் சம்பளம். டச் போன்களுக்கு மக்கள் மாறிய வேகத்தில் நோக்கியா பின்தங்கியது. வரி வழக்கும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பர் 1-ல் ஆலையில் உற்பத்தி நின்றது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன.

பேட்டரியைக் கழற்றிப் பார்த்த நாடு

2007 ஆகஸ்ட் 14-ல் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிஎல்-5சி என்ற பேட்டரியில், ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம். வேண்டுமானால் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். அதுவரை உலகம் முழுக்க இப்படி நடந்ததாக வந்த புகார்கள் சுமார் 100. பெரிய காயம் எவருக்கும் இல்லை. ஆனாலும் இந்தியாவில் பீதி பரவியது. செல்போன் வெடிக்கிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் போனது. பின் மூடியைத் திறந்து பேட்டரி நம்பரைச் சரிபார்ப்பதும், சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பதும் பல நாள் நடந்தது.

அந்தப் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிய பொருளில் என்ன இருக்கிறது என்று சாதாரண மக்கள் மொத்தமாகத் திறந்து பார்த்த சந்தர்ப்பம் அது. பிஎல்-5சி இன்னும் ஓய்வு பெறவில்லை. டீக்கடையில் பாடுகிற சின்ன எஃப்.எம். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் அதே அளவு பேட்டரிதான் உட்கார்ந்திருக்கும்.

சைனா செட்டும் 15 இலக்க எண்ணும்

கம்பெனி போனின் பாதி விலைக்கும் குறைவாக, தெருவே கேட்கும் ஸ்பீக்கரோடு, இழுத்தால் நீளும் ஆன்டெனாவோடு, இரண்டு சிம் போட இடத்தோடு சைனா செட்டுகள் வந்தபோது கிராமங்கள் அவற்றை அள்ளிக்கொண்டன. வேலை முடிந்து வரும் கூலித் தொழிலாளிக்கு ரேடியோ, பாட்டுப்பெட்டி, டார்ச், போன் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தது. பக்கத்துக் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை.

அவற்றில் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் இல்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண் அது. எண் இல்லாத போனை யார் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால், பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி, 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு அவற்றின் இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. ஏழை வாங்கிய பொருள் ஒரே ராத்திரியில் குப்பையாகிவிடும் என்ற நிலைமையில், கடைகளில் 199 ரூபாய்க்கு உண்மையான எண்ணைப் பதித்துக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. வாங்கியவரைத் தண்டிக்காமல் பொருளைச் சீர்செய்த அந்த வழி மிகச் சரியானது.

உங்கள் எண் என்ன என்று தெரிய போனில் *#06# அழுத்துங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும்; இரண்டையும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்கலாம். 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த வசதி இது. பழைய போன் வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது எந்தப் போன் என்று பதில் வரும்.

இதே சஞ்சார் சாத்தி செயலியைப் புதிதாக விற்கும் ஒவ்வொரு போனிலும் கம்பெனியே ஏற்றித் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் உத்தரவு போனது. தனியுரிமை என்ன ஆவது என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3-ல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. செயலி நல்லது, அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் போனுக்குச் சொந்தக்காரர்.

ரெண்டு சிம்

பெரிய கம்பெனிகள் ஒரு போனுக்கு ஒரு சிம் போதும் என்று நெடுநாள் இருந்தன. நோக்கியா தன் முதல் இரட்டை சிம் போனை அறிவித்தது 2010-ல். அதற்குள் மைக்ரோமேக்ஸ் போன்ற இந்தியக் கம்பெனிகள் இந்தத் தேவையைப் புரிந்துகொண்டு சந்தையைப் பிடித்துவிட்டன. ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 நாள் நிற்கும் என்ற விளம்பரத்தோடு 2008-ல் வந்த மைக்ரோமேக்ஸ் எக்ஸ்1ஐ, கரண்ட் நிலையில்லாத ஊர்களுக்காகவே செய்தது போல இருந்தது.

மலையடிவாரத்துக்கு இரண்டு சிம் ஆடம்பரம் கிடையாது. கீழே நன்றாக எடுக்கிற கம்பெனி, கொண்டை ஊசி வளைவு தாண்டினால் எடுக்காது. மேலே எடுக்கிற கம்பெனியில் ஆஃபர் இருக்காது. ஆகவே ஒன்று பேச, ஒன்று நெட்டுக்கு.

பாறைக்குப் பின்னால்

ஏன் மேலே டவர் எடுப்பதில்லை? ரேடியோ அலை பாறையைத் துளைத்துக்கொண்டு போகாது. டவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு குன்று இருந்தால் அதன் நிழலில் நிற்கிறீர்கள். அலைவரிசை குறையக் குறைய அலை கொஞ்சம் வளைந்து போகும், தூரமும் போகும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் மலைப்பகுதிக்கு உதவுவது அதனால்தான். 2022 அக்டோபர் 1-ல் தொடங்கிய 5ஜி சேவையின் வேகத்துக்குக் காரணமான 3300 மெகாஹெர்ட்ஸ் வட்டார அலைகள் குறுகிய தூரமே எட்டும். 5ஜி போன் வாங்கியவர் மலையில் 4ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குவது போனின் குற்றம் இல்லை. சிக்னலைத் தேடித் தேடி அதற்கு சார்ஜ் வேகமாக இறங்கும், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டால் சார்ஜ் மிஞ்சும்.

4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு டவர் வைக்க 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது, வேலை பி.எஸ்.என்.எல்.லிடம். அரசு நிதியில் நிற்கும் டவர் ஒன்றில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்றின் வாடிக்கையாளரும் 4ஜி பெறும் ஏற்பாடு 2025 ஜனவரி 17-ல் தொடங்கியது. ஒரு குன்றுக்கு மூன்று கம்பெனி மூன்று டவர் வைக்கக் காத்திருந்தால் மலைக்கிராமத்துக்கு ஒன்றும் வராது. பகிர்வதுதான் வழி.

இன்னொரு சேதி. திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால் உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் இருக்கிறது என்று பொருள். அப்போது 112 அடித்தால் போகும். பிரசவ வலி, பாம்புக்கடி, பைக் விபத்து எதுவானாலும் அந்த எண்ணை முயன்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் சேவை எங்கே எட்டுகிறது என்ற வரைபடத்தைத் தன் தளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. சிம் மாற்றுவதற்கு முன் அந்தப் படத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள்.

விநாடிக்கு ஒரு பைசா

2009-ல் டாடா டோகோமோ, பேசிய விநாடிக்கு மட்டும் காசு என்று வந்தது. அதுவரை 5 விநாடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு. மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததைப் பார்த்து சில மாதங்களில் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

வருஷத்துக்கு 13 மாதம்

'லைஃப்டைம்' என்ற பெயரில் சிம் வாங்கியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங் என்று நம்பினார்கள். 2018 இறுதியில், மாதம் குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு என்று கம்பெனிகள் சொன்னபோது அந்த நம்பிக்கை உடைந்தது. கணக்கில் பணம் இருக்கும்போதே துண்டிக்கலாமா என்று புகார்கள் குவிந்தன, டிராய் தலையிட்டது. ஆனாலும் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்பது நிலைத்துவிட்டது.

அடுத்தது 28 நாள் கணக்கு. மாதம் ஒரு ரீசார்ஜ் என்று நினைத்துப் போடுகிறோம். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆக வருஷத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். வாடிக்கையாளர்கள் இதைத் தொடர்ந்து எழுப்பியதால், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது. விளம்பரத்தில் இவை கண்ணில் படுவது அரிது. கடையில் கேட்டால் உண்டு.

2024 ஜூலை தொடக்கத்தில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தைக் கூட்டின. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல். பக்கம் புதிதாகச் சேர்ந்த நிகர வாடிக்கையாளர்கள் 29 லட்சம். பல ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருந்த அரசு நிறுவனத்துக்கு மக்கள் கொடுத்த வாய்ப்பு அது.

பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கும் ஆயாவுக்கும் தினம் ஒன்றரை ஜி.பி. எதற்கு? இந்தக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டத்தைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றைக் கொண்டுவந்தன. வீட்டுப் பெரியவர்களின் போனுக்கு அடுத்த ரீசார்ஜ் போடும்போது, நெட் இல்லாத திட்டம் எது என்று கட்டாயம் கேளுங்கள்.

ஏர்செல் நின்ற நாள்

1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், நம் கிராமங்களின் சொந்த கம்பெனி போலவே இருந்தது. முதல் சிம் ஏர்செல் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். 2018 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில், டவர் கம்பெனிகளோடு இருந்த பாக்கித் தகராறில், தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் படுத்தது. மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு மனுப் போட்டது.

மக்கள் ஷோரூம்களை முற்றுகையிட்டார்கள். பேச முடியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். பாங்க் கணக்கு, ஆதார், காஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான் இணைந்திருந்தன. ஓ.டி.பி. வராது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்குத் தெரிந்ததும் அந்த ஒரே நம்பர். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்ப சிக்னல் எங்கே? சிக்னல் வரும் நேரம் பார்த்து, ராத்திரி விழித்திருந்து, மொட்டை மாடி ஏறி அனுப்பினார்கள். பலருக்கு நம்பர் மாறாமல் தப்பியது. தப்பாதவர்கள் பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள்.

நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் உரிமை இந்தியா முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். ஏர்செல் சமயத்தில்தான் அதன் மதிப்பு தமிழ்நாட்டுக்கு முழுதாகப் புரிந்தது என்பேன். 2019 டிசம்பர் 16 முதல் அதே மாநிலத்துக்குள் 3 வேலை நாளில் மாறிவிடலாம். பாங்க்கில் கொடுத்த நம்பர் எந்த சிம், யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

251 ரூபாய் போன்

2016 பிப்ரவரியில் ஃப்ரீடம் 251 என்ற பெயரில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக நொய்டா நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்தது. முதல் நாளே பதிவுத் தளம் முடங்கும் அளவுக்குக் கூட்டம். கோடிக்கணக்கானவர்கள் பதிந்ததாக நிறுவனமே சொன்னது. போன் கிடைத்தவர்கள் மிகச் சிலர். ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஸ்மார்ட்போனுக்காக இந்த நாடு எவ்வளவு ஏங்கியது என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி. அடுத்த ஆண்டே 1,500 ரூபாய் டெபாசிட்டில் ஜியோபோன் வந்தபோது, பட்டன் போனில் நெட்டைப் பார்த்தது அதே ஏக்கம்தான்.

பெட்டி பேசுகிறது

யு.பி.ஐ. 2016-ல் வந்தது. கடைக்காரர்களுக்கு முதலில் இருந்த பெரிய தயக்கம், பணம் வந்ததா என்று எப்படித் தெரியும் என்பது. வியாபார நேரத்தில் கையில் மாவும் எண்ணெயுமாக இருப்பவர் போனை எடுத்துப் பார்க்க முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவர்களும் வந்தார்கள். 2019 முதல் பரவிய சவுண்ட் பாக்ஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. வந்த தொகையைப் பெட்டி தமிழில் சொல்கிறது, படிக்கத் தெரியாத பாட்டியும் தைரியமாகக் கீரைக்கட்டைக் கொடுத்துவிடுகிறார். அண்மைக் காலத்தில் சிறு வியாபாரிக்கென்றே வந்த கருவிகளில் இதற்கு நான் முதலிடம் தருவேன்.

ஸ்மார்ட்போனே இல்லாதவரும் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பலாம். 2022 மார்ச் 8-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே திட்டத்தில் பட்டன் போனிலிருந்து 080-4516 3666 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும்.

70 எழுத்தில் தமிழ்

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். யூனிகோட் தமிழ் 70 குறியீடுதான் கொள்ளும். 'கி' என்ற எழுத்துக்கே இரண்டு குறியீடு செலவாகும். அதிலும் பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால்தான் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி, 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் வெளிவந்து, கைபேசியில் தமிழில் செய்தி அனுப்பும் வழியைத் திறந்தது. 2016-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 16333 என்ற தரத்தின் மூன்றாம் பகுதியை வகுத்தது: இங்கே விற்கும் போன் எதுவானாலும் அரசியல் சட்ட அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளையும் அதன் திரையில் படிக்க முடிய வேண்டும்.

2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியைக் கொடுத்தது. ஆனால் அதற்கும் முன்பே, 2013-ல் வாட்ஸ்அப் கொண்டுவந்த குரல் பதிவை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போனவரோடு வீட்டில் இருப்பவர் மைக்கை அழுத்திப் பேசி அனுப்புகிறார். டவர் வரும்போது அது போய்ச் சேருகிறது. டவர் வந்து வந்து போகும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி கிடையாது.

பரவிய பொய்

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாட்டின் பல இடங்களில் இதுபோன்ற கொலைகள் நடந்தன. அந்த ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் முதலில் கட்டுப்பாடு போட்டது. பிறகு அது உலகுக்கே விதியானது. 'ஃபார்வர்டட்' என்று மேலே வரும் குறிப்பும் அந்த ஆண்டு வந்ததுதான். அந்தக் குறிப்பைப் பார்த்தால் விரலை நிறுத்துங்கள். இதில் நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அரட்டை

தென்காசி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து இயங்கும் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம், அரட்டை என்ற செய்தி அனுப்பும் செயலியை 2021-ல் வெளியிட்டது. நாலு ஆண்டு அமைதியாகக் கிடந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று வேம்பு அறிவித்தார். சேர்ந்தவர்கள் முதலில் எழுப்பிய கேள்வி, எழுத்துச் செய்திக்கு முழு மறைகுறியாக்கப் பாதுகாப்பு எங்கே என்பது. அதையும் நிறுவனம் பின்னர் சேர்த்தது. தமிழ்ப் பெயர் என்று வரவேற்றவர்களே குறையையும் சொன்னது ஆரோக்கியமான விஷயம்.

ஒரே நேரத்தில் அலறிய போன்கள்

2023 அக்டோபர் 20-ல் தமிழ்நாட்டில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்தது. சைலண்டில் போட்டிருந்த போன்களும் கத்தின, பலர் பயந்துபோனார்கள். சிம் நம்பருக்கு அனுப்பும் செய்தி இல்லை அது; டவரிலிருந்து அந்த வட்டாரத்துக்கே ஒலிபரப்பாவது. அணையில் தண்ணீர் திறக்கும்போது ஆற்றோரம் இருப்பவரை எச்சரிக்க இப்படியொரு வழி இருப்பது நல்லதே. போன் செட்டிங்ஸில் அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

காணாமல் போன ஓட்டை, காணாமல் போன சார்ஜர்

2016-ல் ஐபோன் 7, இயர்போன் செருகும் துளையை எடுத்தது. 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. துளை போனதோடு எஃப்.எம். ரேடியோவும் போனது, இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. நெட் இல்லாத ஊரில் புயல் செய்தி கேட்க எஃப்.எம். தேவை என்பதால், போன்களில் அதை முடக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. சார்ஜர் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் கறாராக இருந்து, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு டைப்-சி ஒன்றுதான் என்று சட்டம் போட்டது. அங்கே நுகர்வோர் வென்றதன் பலன் இங்கே நம் வீட்டு ஸ்விட்ச் போர்டிலும் தெரிகிறது.

பச்சைக் கோடு

சாப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு. 2023, 2024-ல் அமோலெட் திரை போன் வைத்திருந்த பலர் சொன்ன புகார் இது. வாரண்டி முடிந்துவிட்டது, திரை மாற்றப் போன் விலையில் பாதி ஆகும் என்று பதில் வந்தபோது மக்கள் விடவில்லை; சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தன. 2024 ஏப்ரலில், வாரண்டி கோரிக்கைகளைத் தீர்க்காததையும் காரணமாகச் சொல்லி, மே 1 முதல் ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று தென்னிந்திய சில்லறைக் கடைகளின் சங்கம் கடிதமே எழுதியது. அதன் கீழ் சுமார் 4,500 கடைகள். வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வது கடைக்காரர் என்பதால் அவர்களும் சேர்ந்து நின்றார்கள்.

பழுது நீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ல் ஒரு தளத்தைத் திறந்தது. எந்தக் கம்பெனி என்ன உதிரிபாகம் தருகிறது, வாரண்டி என்ன என்பதை அதில் பார்க்கலாம்.

புகார் கொடுக்கக் கள்ளக்குறிச்சியைத் தாண்டி எங்கெங்கோ அலைய வேண்டும் என்று நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை ஆன்லைனில் எங்கிருந்து வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலும் மனுக் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

இவ்வளவுக்கும் ஆதாரம் ஒரு பில். கடையில் தருகிற வழவழப்பான தாள் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதை ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.